ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்

படிவம் கேட்கிறது:
பல்கலைக்கழக ஆண்டுகளில் உங்கள் வளர்ச்சியை
இருநூறு சொற்களுக்குள் விவரிக்கவும்.
கலை, தலைமை, ஆய்வு
மூன்றும் வர வேண்டுமாம்.

வால்டிவியாவில் மூன்றாம் நாளாக மழை.
ஜன்னலுக்கு வெளியே
ஆறு எது கரை எது என்று
ஆற்றுக்கே தெரியவில்லை.

எனக்கு நேரில் தெரிந்த வளர்ச்சி ஒன்றுதான்,
கல்பாசியுடையது.
ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்,
அதுவும் வடக்கே வெயில் பார்த்த கல்லாக இருந்தால்.

இரண்டாம் ஆண்டில்
என்னையும் ஓர் அளவுகோலையும்
பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.
கல்லில் இறந்த ஆண்டு இருக்கும்.
பாசி அதற்குப் பிறகுதான் குடியேறியிருக்கும்.
விட்டத்தை ஆண்டுகளால் வகு, வேகம் கிடைக்கும்.
எர்னா ஹோஃப்ஷ்டெட்டர், 1911,
ஐம்பத்து மூன்று மில்லிமீட்டர்.
செத்துப்போனவர்களிடம் வயது கேட்பது
அவ்வளவு சுலபமாக இருந்தது.

முதல் வாரமே கேமராவுக்குள் மழை புகுந்தது.
துறையில் வேறொன்று இல்லை.
பையில் ஒரு பென்சில் இருந்தது.

முதல் முப்பத்தொன்பது படங்களும் பொய்.
பாசி வட்டம் என்று முன்பே முடிவுகட்டியவள்
வட்டம் வட்டமாகப் போட்டுத் தள்ளியிருந்தேன்.
நாற்பதாவதில்தான்
கை கண்ணின் பேச்சைக் கேட்டது.
ஒற்றைப் பாசி என்று நான் அளந்த உடம்பின் நடுவே
மயிரிழைக் கருங்கோடு.
இரண்டு பாசிகள்.
எதிரெதிரே வளர்ந்து வந்து
முட்டிய இடத்தில் நின்றுவிட்டவை.

திரும்பிப் போய்ப் பார்த்தேன்.
முப்பத்தொரு கல்லில் இதே தப்பு.
என் அழகான வரைபடம்,
அதன் நேர்கோடு, எல்லாம் போச்சு.
யாரிடமும் சொல்லவில்லை.
நோட்டை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன்,
தூங்கினேன் என்பதும் பொய்.

அந்தக் குளிர்காலத்தில்தான் விடுதியில் கொதிகலன் வெடித்தது.
கூட்டத்துக்கு வராதவளைப் பிரதிநிதியாக்குவது எங்கள் மரபு.
நான் வரவில்லை.
நான்கு பக்கம் எழுதி அடுத்த நாள் வாசித்தேன்,
கைதட்டல்கூட வந்தது.
மூன்றாம் மாடி ஆர்நால்தோ கிந்துல் மட்டும்
துண்டைத் தோளில் போட்டபடி கேட்டான்:
‘தண்ணீர் எப்போது சுடும்?’
வெள்ளிக்கிழமை என்றேன்.
ஏன் வெள்ளிக்கிழமை?
அந்த வார்த்தை வாயில் தயாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது,
ஐஸ் தண்ணீரோடு.

சமையலறையில் அறுபத்து நான்கு பேர்.
முட்டைக்கோஸ் வேகும் வாடை.
‘வெள்ளிக்கிழமை சொன்னது பொய்.
எனக்குத் தெரியாது’ என்றேன்.
யாரும் அடிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.
யோசெலின் தன் மின்கெட்டிலைக் கொண்டுவந்து
மேசையில் வைத்தாள்.
‘காலை எட்டு மணி வகுப்புக்காரர்கள் முதலில்’ என்றது ஒரு குரல்.
ஏன் அவர்கள் என்றது இன்னொன்று.
இரவு ஒரு மணி வரை சண்டை.
நான் பேசவில்லை,
பெயர்களை எழுதிக்கொண்டே இருந்தேன்.
என் வாழ்க்கையில் நான் செய்த
உருப்படியான தலைமை
அந்தக் கிறுக்கல் தாள்தான்.

திங்கட்கிழமை ஆய்வகத்திலும்
அதே வாக்கியத்தைச் சொன்னேன்.
இரண்டாம் தடவை
நாக்கு கொஞ்சம் குறைவாகவே நடுங்கியது.

படங்கள் இப்போது சமையலறைச் சுவரில் இருக்கின்றன.
பொய் வட்டங்களும்தான்.
கீழே நானே ‘தவறு’ என்று எழுதினேன்.
எண்ணெய் தெறித்து இரண்டு படங்களில்
அசல் பாசி போலவே கறை.
ஊருக்குப் போகும்போது யோசெலின்
தவறுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
சரியானதைத் தருகிறேன் என்றேன்,
வேண்டாம் என்றாள்.

படிவத்தில் மூன்று சொல் எழுதியிருக்கிறேன்:
வெள்ளிக்கிழமை சொன்னது பொய்.
நூற்றுத் தொண்ணூற்றேழு பாக்கி.

நேற்று மழை சற்று விட்டபோது
எர்னாவைப் பார்க்கப் போனேன்.
மூன்று ஆண்டில்
ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருக்க வேண்டும்.
அளவுகோலை எடுத்துப் போகவில்லை.